அரை மாத்திரை

எங்கள் லயம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையில் சுவர் இருந்தது. கூரை வரைக்கும் இருக்கவில்லை. தலைக்கு மேலே இரண்டு முழம் வெறும் இடைவெளி, அதற்கு மேல் தகரம். அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் நான் தும்முவேன். நான் தும்மினால், "டீச்சர், ஆயுசு நூறு!" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும். என் கணவருக்குக் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. தீபாவளிக்கும் சித்திரைக்கும் வருவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தோட்டத்துப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு டீச்சரான நான், மாமனார் பெயரில் இருந்த அந்தக் காம்பராவில் பதினோரு வருடம் தனியாக இருந்தேன். தனியாக என்று சொல்வதும் பொய்தான். சுவருக்கு மேலால் எல்லாருமே என்னோடு குடியிருந்தார்கள்.

பக்கத்துக் காம்பராவில் புருசன், பெண்சாதி, ஒரு பெண் பிள்ளை. அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தியால் ஒரே மட்டத்துக்கு வெட்டிவிடும் வேலை அது, கைக்கு நிதானம் வேண்டும். வார நாட்களில் அவரைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. என் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் கூப்பிடாமலே வந்து கட்டிக் கொடுப்பார், ஒரு தேத்தண்ணி கூட வாங்கிக் குடிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிட்டுவிட்டுத் தவறணைக்குக் குடிக்கப் போவார். இரண்டு மணிக்குத் திரும்பி வருகிறவர் வேறொரு ஆள். சோற்றில் உப்பில்லை என்று தொடங்கும். உப்பு இருந்தால் ஏன் இவ்வளவு உப்பு என்று தொடங்கும்.

எங்கள் லயத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு காம்பராவில் அடி விழத் தொடங்கினால் மற்றக் காம்பராக்களில் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் இது என்ன கூத்து என்று கடைசிக் காம்பராக்காரியிடம் கேட்டேன். "நமக்குக் கேக்கலைன்னு காட்டணும்ல டீச்சர். நாளைக்கு அந்தப் பொம்பள கொழுந்து மலையில எங்க மொகத்தப் பாக்க வேணாமா?" என்றாள். அதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. அடுத்த ஞாயிறு நானும் கூட்டினேன்.

அந்தப் பிள்ளைக்கு ஆறு வயதிருக்கும். என் வகுப்பில்தான் படித்தாள். ஒரு ஞாயிறு, பக்கத்தில் பாத்திரங்கள் உருளுகிற நேரத்தில், என் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, நகத்தால் சுரண்டினாள். திறந்தேன். எழுத்துக் கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "வீட்டுப் பாடம் காட்ட வந்தேன் அத்த" என்றாள். பாடசாலையில் டீச்சர், லயத்தில் அத்தை. ஞாயிற்றுக்கிழமை என்ன வீட்டுப் பாடம் என்று நான் கேட்கவில்லை. உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

பிஸ்கட் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. டிவியில் ஏதோ சிரிப்புப் படம் ஓடியது, பார்க்கவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரின் மேல் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஒவ்வொரு தடவை சத்தம் வரும்போதும் அவளுக்குத் தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. பல் கிட்டித்துக்கொண்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியைத் திறந்தேன்.

நான் பிறவித் தும்மல்காரி. பனி இறங்கினால் தும்மல், வெயில் அடித்தால் தும்மல், தேயிலைத் தூசிக்குத் தும்மல். "டீச்சர் தும்முனா ஸ்டோர்ல சங்கு ஊதத் தேவயில்ல" என்று லயத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். அதனால் என் அலமாரியில் எந்நேரமும் சின்ன மஞ்சள் சளி மாத்திரை இருக்கும். போட்டால் அரை மணியில் கண்ணைச் சொக்கும். பஸ்ஸில் கண்டிக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகள் அழாமல் தூங்கட்டும் என்று அதைக் கரைத்துக் கொடுப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அதை மருந்து என்று யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஒன்றை நகத்தால் இரண்டாக உடைத்து, அரையைச் சீனி போட்ட வெறும் தேத்தண்ணியோடு அவளுக்குக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கை காதிலிருந்து நழுவியது. என் கட்டிலில் தூக்கிப் போட்டுக் கம்பளியைப் போர்த்திவிட்டேன். பக்கத்தில் அவள் அம்மாவை இழுத்துச் சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. பிள்ளை அசையவில்லை.

எனக்கு அப்போது எவ்வளவு பெருமை தெரியுமா! பத்துக் காம்பராவும் டிவிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்க, நான் ஒருத்தி ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் காலை வாசல் இஸ்தோப்பில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உதடு வீங்கியிருந்தது. "புள்ள ஒன்னும் பாக்கலீங்களே டீச்சர்?" என்று கேட்டாள்.

"அரை மாத்திர குடுத்தேன். நல்லா கண்ணசந்துருச்சு."

"நீங்க நல்லா இருப்பீங்க டீச்சர்" என்றாள். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைச் சும்மா விடுவதில்லை.

அது பழக்கமாகிவிட்டது. முதலில் சத்தம் தொடங்கிய பிறகு வருவாள். பிறகு, அப்பா தவறணையிலிருந்து திரும்புவதற்கு முன்பே வந்துவிடுவாள். எட்டு வயதில் மாத்திரை எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது வயதில் தானே எடுத்து, நடுக்கோட்டில் சரியாக உடைத்து, மிச்ச அரையைக் காகிதத்தில் சுற்றி வைப்பாள். "கெட்டிக்காரி!" என்று நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். ஒரு பிள்ளை அழகாக எழுத்து எழுதினால் சொல்வேனே, அதே "கெட்டிக்காரி". பத்து வயதில் அந்த மிச்ச அரையைக் காணவில்லை. ஒன்றாக விழுங்கத் தொடங்கினாள். வளர்கிற பிள்ளைதானே என்று விட்டுவிட்டேன்.

ஹட்டனில் நான் மருந்து வாங்குகிற பாமசியை ஒரு முஸ்லிம் நானா நடத்தினார். நிதானமான மனிதர், தொப்பியைச் சரிசெய்துகொண்டே பேசுவார். ஒரு நாள் இரண்டு அட்டை கேட்டேன். எடுத்து வைத்துவிட்டுக் கையை அதன் மேலேயே வைத்திருந்தார். "டீச்சர், முந்தி மாசத்துக்கு ஒரு அட்ட வாங்குவீங்க. இப்ப ஆருக்கு இவ்வளவு?"

"ஏன் நானா, எனக்குத் தும்மல் கூடிப்போச்சு, அதுக்கும் ஒங்ககிட்ட சீட்டு வாங்கணுமா?"

"கோவிச்சிக்கிடாதீங்க. இது இனிப்பு டொபி இல்ல, அதான் சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. டீச்சரைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்று பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்கும்படி நாலு வார்த்தை விட்டுவிட்டு வந்தேன். அந்த மனிதர் ஒருவர்தான் என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதே வீண். ஒரு திங்கட்கிழமை அவள் அம்மா காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகாமல் என் வாசலில் நின்றாள். இடது கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். "பொலிசுக்குப் போலாம்னு இருக்கேன் டீச்சர். அங்க எல்லாம் சிங்களத்துல எழுதுவாங்க. நான் சொல்றத நீங்க சிங்களத்துல சொல்லிட்டீங்கன்னா போதும். வேற ஒன்னும் வேணாம்."

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் அன்றைக்கு நான் கணக்குப் பார்த்தேன். அவளுடைய கொழுந்தன்மார் மூன்று பேரும் மேல் லயத்தில் இருந்தார்கள். புருசன் ஊரில் இல்லாதவள் நான். டீச்சர் போய்ப் பொலிசில் மாட்டிவிட்டாள் என்று தோட்டம் பூராவும் பேசும். "மொதல்ல தலைவர்ட்ட சொல்லிப் பாப்போமே" என்றேன். யூனியன் தலைவர் ஞாயிறன்று பஞ்சாயத்து வைத்தார். மாரியம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, அதன் மேல் அடித்துச் சத்தியம் பண்ணினார் அவள் புருசன். இனித் தொட மாட்டேன் என்றார். எல்லாரும் பொங்கல் வாங்கித் தின்றோம். ஒரு மாதம் சத்தியம் நின்றது. அதற்குப் பிறகு அவள் அம்மா என்னிடம் பொலிஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிள்ளை மட்டும் வந்தாள், மாத்திரை போட்டாள், தூங்கினாள்.

அவளுக்குப் பதினொரு வயதானபோது எங்களுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தது. கூரை வரைக்கும் சுவர் உள்ள வீடு. முதல் ஞாயிறு மத்தியானம் நான் சோறு தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. சந்தோசத்தில் அழுதுவிட்டேன். பக்கத்துக் காம்பராவை நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. சிவப்புச் சிமெந்துத் தரை போட்டிருந்தோம். அதைத் தேய்த்துத் தேய்த்து மினுக்குவதிலேயே எனக்கு நேரம் போனது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு, மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஓடையைச் சுற்றிக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்து வந்து வாசலில் நின்றாள். பழைய சீருடைச் சட்டைக்கு மேல் உரப்பையைப் போர்த்தியிருந்தாள். காலெல்லாம் சேறு. "அத்த, மாத்திர இருக்கா?" என்றாள்.

நானாவின் கேள்வி எனக்குள் முள்ளாகக் கிடந்தது உண்மை. இதை நிறுத்த வேண்டும் என்று மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்ததும் உண்மை. ஆனால் அந்த நிமிடத்தில் என் கண் அவள் காலையும் என் தரையையும்தான் பார்த்தது. வெட்கக்கேடு, என்ன செய்ய, அதுதான் நடந்தது. "இனிமே மாத்திர கெடையாது. ஒடம்புக்குக் கூடாது. பெரிய புள்ள ஆயிட்ட, பெரிய ஸ்கூலுக்குப் போற, வீட்டுல இருந்து படிக்கப் பாரு" என்றேன். வாசற்படியிலேயே உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தாள். கோப்பையைக் குழாயடியில் கழுவி வைத்தாள். "சரி அத்த, போய்ட்டு வாறேன்" என்று உரப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். மாத்திரையை நிறுத்திவிட்டேன், கடமை முடிந்தது என்று நான் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை.

ஊரடங்கு வந்தது, போனது. சாமான் விலையேறித் தோட்டமே திணறியது. இருக்கிற வயிற்றெரிச்சலுக்கு ஆண்கள் இன்னும் குடித்தார்கள். தவறணை பூட்டியிருந்தால் கள்ளத்தனமாகக் காய்ச்சிய கசிப்பு கிடைத்தது. பிள்ளைகள் பாக்குத்தூள் பொட்டலத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்காருகிறார்கள் என்று பெரிய பாடசாலை டீச்சர்மார் பேசத் தொடங்கினார்கள். பிறகு ஏதோ வலிக்குக் கொடுக்கிற குளிசையாம், அதை அட்டை அட்டையாக விழுங்குகிறார்கள் என்றார்கள். எங்கள் கோயில் மண்டபத்தில் போதை ஒழிப்புக் கூட்டம் வைத்தபோது என்னைத்தான் பேசக் கூப்பிட்டார்கள். வாய் கிழியப் பேசினேன். கெட்ட சகவாசம் என்றேன், டவுன் என்றேன், கையிலிருக்கும் போன் என்றேன், சினிமா என்றேன். முன் வரிசையில் நாலைந்து அப்பன்மார் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு அப்போதே கண் சிவந்திருந்தது. வீடு என்ற சொல்லை மட்டும் நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கைதட்டி இருக்க மாட்டார்கள். மண்டபத்தின் பின்பக்கம் பெண் பிள்ளைகளோடு அவளும் நின்றாள். பதினாலு வயது, நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, எனக்குப் போர்த்திய பொன்னாடையைச் சரிசெய்துகொண்டேன்.

அடுத்த வருடம் அவளுக்கு ஓ.எல். பரீட்சை வருடம். ஒரு காலை அவள் அம்மா ஓடிவந்தாள். வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தால் குளிசை. பையில் இன்னும் ஒன்றரை அட்டை இருந்ததாம். அவள் மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுத்திருப்பாளோ என்று பாடசாலையில் சந்தேகப்பட்டார்கள், பொலிசுக்கும் சொல்லிவிட்டார்கள். "நீங்க வந்து பேசுங்க டீச்சர். எனக்கு என்ன பேசறதுன்னே வெளங்கல" என்று அழுதாள்.

போனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம்தான். "வெக்கமா இல்லையாடி ஒனக்கு? எந்த நாய்டி பழக்குனான்? ஆட்டோக்காரனா? டியூசன்ல ஒக்கார்றவனா? சொல்லு, தோல உரிச்சுடுறேன்!" பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபமே இல்லை. "கத்தாதீங்க அத்த" என்றாள். "சத்தம் கேட்டா எனக்கு ஒரு மாதிரி வருது." தோள் தூக்கிப் போட்டது. ஆறு வயதில் பார்த்த அதே தோள். எவன் பழக்கினான் என்று நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்தும் என்ன செய்தேன்? அதிபரின் அறையில் விசாரணை நடந்தது. நன்னடத்தை அதிகாரி ஒரு பெண், தமிழ் ஆள், பொறுமையானவர். பிள்ளையை வீட்டில் வைத்துப் பரீட்சை எழுத விடுவதா, தூரத்தில் இருக்கிற பெண் பிள்ளைகள் இல்லத்துக்கு அனுப்புவதா என்று நீதிமன்றத்துக்கு அவர்தான் அறிக்கை எழுத வேண்டும். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா. மூன்றாவது நாற்காலியில் நான், குடும்பத்துக்கு வேண்டிய டீச்சர் என்று.

"பயப்படாமச் சொல்லும்மா. மொதல் மொதல்ல மாத்திரைன்னு ஒனக்கு யாரு குடுத்தாங்க?" என்று கேட்டார் அதிகாரி.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு தரையைப் பார்த்தாள். "யாரும் குடுக்கல மிஸ். நானாத்தான் எடுத்தேன்."

"ஒளிக்காத. யாரையோ காப்பாத்தப் பாக்குற. அப்பிடி ஒளிச்சா ஒனக்குத்தான் கஷ்டம்."

"நானாத்தான் மிஸ்."

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு என் மஞ்சள் மாத்திரை நினைவுக்கே வரவில்லை. அது சளி மாத்திரை, டீச்சர் கொடுத்தது, அதைப் போய் யார் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று அதிகாரி கேட்டார். "ஒன்னும் இல்லைங்க" என்றாள் அம்மா, பக்கத்திலிருந்த சலவைச் சட்டையைப் பார்த்துக்கொண்டு.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க பல வருசம் பக்கத்து வீட்டுல இருந்தவங்க. படிச்சவங்க. ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

வேலை போய்விடும் என்று நினைத்தேன். பத்திரிகையில் வரும் என்று நினைத்தேன். ஆசிரியை மாணவிக்கு மாத்திரை என்று கொட்டை எழுத்தில் போட்டால் என் புருசன் கடையில் எப்படித் தலைகாட்டுவார் என்றுகூட நினைத்தேன். இவ்வளவும் நினைக்க ஒரு மூச்சு விடுகிற நேரம் போதுமாக இருந்தது. "நல்ல குடும்பம்தாங்க" என்றேன். "அப்பா நல்ல உழைப்பாளி."

அவர் எழுதிக்கொண்டார். வீட்டில் குறையில்லை, பிள்ளை தானாக விரும்பித் தொடங்கியிருக்கிறாள், கொடுத்தவரைச் சொல்ல மறுக்கிறாள். குறையெல்லாம் பிள்ளையிடம்தான் என்று இப்படி ஒரு அறிக்கை போனால் யார்தான் அவளை வீட்டில் விடுவார்கள்? பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் அவளை மலையிறக்கி, வெயில் கொளுத்துகிற ஒரு ஊரிலிருந்த இல்லத்துக்கு அனுப்பினார்கள். றொசல்ல ஸ்டேசனில் ரயிலேற்றிவிட நானும் போனேன். அப்பா தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகை நிஜம்தான். அந்த ஞாயிறும் அவர் குடித்தார், அதுவும் நிஜம்.

ஐந்து மாதம் நான் வகுப்பில் எப்படிப் பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு பிள்ளை கையைத் தூக்கினாலே, என்னைத்தான் கேட்கப் போகிறதோ என்று பயந்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். மாத்திரை, பாமசி, ஞாயிற்றுக்கிழமைகள், முறிந்த கை, கற்பூரச் சத்தியம், பொலிசுக்கு வராமல் நான் தட்டிக்கழித்தது, எல்லாம். போனில் வாசித்துக் காட்டியபோது என் கணவர், "வேல போயிரும்டி" என்றார். பிறகு, "சரி, குடு" என்றார்.

அதிகாரி முழுவதையும் என் முன்னாலேயே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் புள்ள இப்ப வீட்டுல இருந்திருக்கும் டீச்சர். அப்பாவத்தான் நாங்க வெளியில வச்சிருப்போம்" என்றார். கத்தியிருந்தாலும் தாங்கியிருப்பேன். திரும்ப விசாரணைக்குப் போடுவதாகவும், நாளெடுக்கும் என்றும், இந்த வருடப் பரீட்சை போனது போனதுதான் என்றும் சொன்னார். என் வேலையைப் பற்றிய விசாரணை தனியாக நடக்கிறது. அது நடக்கட்டும்.

அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என் மனதில் ஒரு நிம்மதி. மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன், அதைப் பிள்ளையிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு போனேன். எத்தனை தடவை மூக்குடைபட்டாலும் இந்தப் பெருமை பிடித்த புத்தி போகாது.

கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தையல் பழகுகிறாளாம். அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், புதிதாக ஏதாவது காயம் இருக்கிறதா என்று. அம்மா மேற்பார்வையாளர் அக்காவிடம் பேச எழுந்து போனதும் நான் ஆரம்பித்தேன். அதிகாரியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன் என்றேன். முதல் மாத்திரையைக் கொடுத்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். "அன்னைக்கு ஏன்டி என்னைய காட்டிக் குடுக்கல?" என்று கேட்டேன்.

"நீங்க ஒருத்தர்தான அத்த அந்த லயத்துல கதவத் தொறந்தீங்க" என்றாள்.

அழுதுகொண்டே சொன்னேன்: "அந்த மழ நாள்ல நீ வந்தப்பவாச்சும் நான் யோசிச்சிருக்கணும். அப்பவே மாத்திரைக்கு அப்படி ஏங்கிப் போயி வந்திருக்க. வெறும நிறுத்திட்டா சரியாப் போயிரும்னு நெனச்சிட்டேன்."

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "அன்னைக்கு நான் மாத்திரைக்கு வரல அத்த. ஒங்க வீட்டுல கொஞ்ச நேரம் படுக்கத்தான் வந்தேன்."

"பின்ன ஏன் மாத்திர கேட்ட?"

"போட்டாத்தான உள்ள விடுவீங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். "சின்னதுல எனக்கு அது கசக்கும். வாந்தி வாற மாதிரி இருக்கும். வேணான்னா வீட்டுக்குப் போன்னு சொல்லிருவீங்கன்னு முழுங்கிருவேன்."

நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லையே என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகளையும் நினைத்துப் பார்த்தேன். மாத்திரை கொடுக்காமல் அவளை என் கட்டிலில் படுக்க வைத்த ஒரு நாள்கூட இல்லை.